ராகலையிலிருந்து வந்த கோடிச் சேலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்து மழையில் எங்கள் அம்மா இறந்துபோனார். ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் எங்கள் வீடு. நான் ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அன்று காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, பெண்டாட்டி பிள்ளையோடு இந்தியாவுக்குப் புறப்பட்டுப் போனவர். அப்படிப் போகிறவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு அந்தக் காலத்தில் ‘ஒப்பாரி கோச்சி’ என்றே பெயராம். செத்தவர்களுக்கு அழுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதுதான் வழியனுப்புவார்களாம். அம்மா அழுத அழுகையில் இடுப்பிலிருந்த என்னைக் கீழே போட்டுவிடப் பார்த்தார் என்று, அப்பா உயிரோடு இருந்தவரை சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அம்மா மட்டும் விடவில்லை. கோயில் குளம், வைத்தியம் என்று இந்தியாவுக்குப் போகிற யாரைக் கண்டாலும், அண்ணன் பெயரைச் சொல்லி விசாரித்துவரச் சொல்வார். “அம்மாம் பெரிய நாட்டுல எங்கம்மா தேடுவாங்க” என்று நான் கேலி செய்வேன். அண்ணன் அங்கே காணி வாங்கி, மச்சு வீடு கட்டி, மாடு கன்றோடு நன்றாக இருக்கிறார் என்பது அம்மா தானாகவே கட்டி வைத்திருந்த கதை. வருடத்துக்கு வருடம் அதில் மாடுகள் கூடிக்கொண்டே போயின. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற அந்தக் கஷ்டகாலத்தில்கூட, வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “நல்லவேள, எங்கண்ணன் இங்க இல்ல. தப்பிச்சிருச்சு” என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவரும் புதுச்சேலையைக் கட்டித்தான் தூக்குவார்கள். கடைக்குக் கோடி எடுக்க வருகிறவர்களை நான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன். அவர்கள் நிறமும் பார்க்கமாட்டார்கள், கரையும் பார்க்கமாட்டார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று யாரும் இல்லாததால், தூரத்து உறவுக்காரர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவது என்று தோட்டத்துத் தலைவர் முடிவு செய்தார். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் வேறு வழி?

மறுநாள் தூக்குவதற்காக அம்மாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தோம். அப்போது என் வயது மதிக்கத்தக்க ஒருவர், தொப்பலாக நனைந்து, ஒரு கடைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“பொறந்த வீட்டுக் கோடி கொண்டாந்திருக்கேன்” என்றார்.

தப்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“நீங்க யாருங்க?” என்று தலைவர் கேட்டார்.

“அவங்க அண்ணன் மகன். ராகலையிலருந்து வர்றேன். பேஸ்புக்குல மரண அறிவித்தல்ல அத்த போட்டோவையும் தோட்டத்துப் பேரையும் பாத்துட்டு அப்பாகிட்ட காட்டுனேன். அப்பாவுக்கு மொழங்காலு முடியல. அதான் என்னய அனுப்புனாங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இந்தியாவுலருந்து எப்ப வந்தீங்க?” என்றேன்.

“நாங்க போகவே இல்லீங்க.”

கப்பல் ஏறத் தலைமன்னார் வரைக்கும் போயிருக்கிறார்கள். அங்கே, நாட்டில் நடந்த சண்டையால் கப்பல் நின்றுபோய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று ஓடும் நாளை ஓடும் என்று காத்துக் கிடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். தோட்டத்து வேலைப் பதிவில் பெயரை வெட்டியாயிற்று; குடியிருந்த லயத்துக் காம்பராவில் வேறு ஆட்கள் குடியேறியாயிற்று. மாமியின் உறவுக்காரர்கள் ராகலைப் பக்கம் இருந்ததால் அங்கே போய் ஒண்டிக்கொண்டு, மரக்கறித் தோட்டங்களில் கூலி வேலை செய்திருக்கிறார்கள். இதை அவர் வாசலில் நின்றே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“அம்மா இங்கதான் இருக்காங்கன்னு மாமாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்” என்றார்.

ராகலை என்ன கடல் தாண்டியா இருக்கிறது? காலையில் பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறினால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள்தான் ஆகட்டும், இலங்கையில் ஒரு நாளாவது தேடினோமா? கோச்சியில் ஏற்றி அழுது முடித்துவிட்டதால், யாருக்கும் இங்கே தேடவேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தப் பையைப் பிடுங்கி மழையில் வீசவேண்டும் போல இருந்தது. “உசுரோட இருக்கையில எட்டிப் பாக்காதவரு சேல என்னத்துக்கு? எடுத்துட்டுப் போங்க” என்று கத்தினேன்.

தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “சண்டய அப்பறம் வச்சுக்க புள்ள. ஒங்கம்மாவுக்கு இந்தச் சேல வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு.”

நான் பையை வாங்கிக்கொண்டேன். பச்சை நிறச் சேலை. எங்கள் கடையில் யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்காத ரகம். மாமா அங்கே எப்படி இருக்கிறார் என்பது அந்தத் துணியைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கட்டித்தான் அம்மாவை அனுப்பினோம்.

கருமாதி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகலைக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் போனேன். கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே தகரம் போட்ட ஒற்றை அறை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்கு அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. அம்மாவைப்போலவே ஒரு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  நான் கேட்பதற்கு முன்பே அவர் பேசினார்.

“கெடா வெட்டி விருந்து வச்சு, மாருல அடிச்சு அழுது அனுப்பி வச்சாங்க தாயி. தூக்கிட்டுப் போன பொணம் திரும்பி வந்து வாசல்ல நின்னா எப்புடி இருக்கும்? ஒரு வேல கெடைக்கட்டும், ஒரு வீடு கெடைக்கட்டும், அப்பறமாப் போயி நிப்போம்னு நெனச்சேன். கெடைக்கவே இல்ல.”

பிறகு, “தங்கச்சி என்னய எப்பவாச்சும் கேட்டுச்சா?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. இந்தியா போனவர்களிடமெல்லாம் விசாரித்ததைச் சொன்னேன். மச்சு வீட்டையும் மாடுகளையும் சொன்னேன். அந்தக் கஷ்டகாலத்தில் ‘அண்ணன் தப்பிச்சிருச்சு’ என்று அம்மா சந்தோஷப்பட்டதையும் சொன்னேன்.

“நானுந்தான் மண்ணெண்ண வரிசையில நின்னேன், டவுன்ல, கேனத் தூக்கிக்கிட்டு” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

தை மாதம் மச்சான், கோடி கொண்டுவந்த மாமா மகன்தான், போன் செய்தார். அத்தையை அடக்கம் பண்ணிய இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார் என்றார். ஒரு வேன் பிடித்துக் கூட்டிவந்தார்கள். எங்கள் தோட்டத்து மயானம் மலை உச்சியில் இருக்கிறது. ரோட்டிலிருந்து தேயிலைக்குள்ளே செங்குத்தான ஒற்றையடிப் பாதை. மாமா நாலைந்து அடி ஏறினார். முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் முதுகில் தூக்கப் பார்த்தார். மழை ஈரத்தில் இரண்டு பேருமே சறுக்கினார்கள். கடைசியில் கைத்தாங்கலாக ரோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினோம்.

“எந்தப் பக்கம் தாயி?” என்றார்.

கையை நீட்டிக் காட்டினேன். கீழேயிருந்து பார்த்தால் தேயிலை தவிர வேறொன்றும் தெரியாது.

மாமா வாயைக் கையால் குவித்துக்கொண்டு, “தங்கச்சீ! நா வந்துட்டேன்!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் அங்கேயே நின்றார். யாரோ பதில் சொல்லப் போவதுபோல நின்றார். பிறகு மகனிடம், “போவம்” என்றார். எங்கள் வீட்டுக்குக்கூட வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேனில் ஏறிக்கொண்டார்.

கடையில் கூட வேலை செய்கிறவர்கள், “இத்தன வருசம் கழிச்சு சொந்தம் கெடைச்சிருக்கு, நீ குடுத்து வச்சவ” என்கிறார்கள். நானும் சிரித்துத் தலையாட்டி வைக்கிறேன். ஆனால் எனக்குக் கிடைத்தது சொந்தமில்லை; அம்மா இத்தனை காலமும் பிறந்த வீடு இல்லாதவராக இருந்திருக்கவே வேண்டியதில்லை என்ற செய்திதான் கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.