நான் பார்க்காத ஏழு நிமிஷம்

எங்கள் வீடியோ கேசட் கடையில் குதிரைப் படங்களுக்குச் சீட்டு எழுதியது நான்தான். கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. கையெழுத்து ஆம்பளைக் கையெழுத்து மாதிரி இருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவளுக்கு வேறு எப்படி இருக்கும்? எழுத்தெல்லாம் குண்டு குண்டாக, ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற வழியில் எங்கள் கடை இருந்தது. கீழே கடை, மாடியில் வீடு. கேசட்டும் வாடகைக்கு உண்டு, டி.வி.யும் கேசட் ஓட்டும் டெக்கும் சேர்த்தும் வாடகைக்கு உண்டு. சடங்கு வீடு, காதுகுத்து, மறுவீடு என்று எதற்கும் டெக் எடுத்துப் படம் போடாவிட்டால் விசேஷம் விசேஷமாக இருக்காது. தமிழ்ப் படத்துக்கு யாரும் விவரம் கேட்கமாட்டார்கள். இங்கிலீஷ் படம் என்றால் மட்டும் கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்து, "இது வீட்ல வச்சுப் பாக்கலாம்ல?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். அவர் ஒன்றையும் பார்த்தது கிடையாது.

எனக்கு அது பொறுக்கவில்லை. யார் வீட்டிலாவது ஏதாவது ஆகிவிட்டால்? மாமனார் மருமகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கண்ட காட்சி வந்துவிட்டால்? இதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒவ்வொரு கேசட்டாக மாடிக்கு எடுத்துவரச் சொல்லி நானே பார்க்க ஆரம்பித்தேன். பார்த்துவிட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி, கேசட் உறைக்குள் வைத்துவிடுவேன்.

இங்கிலீஷ் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. கௌபாய் படத்துக்கு அது தேவையும் இல்லை. அந்த ஆட்கள் அதிகம் பேசமாட்டார்கள். பேசினாலும் தொப்பிக்கு அடியில்தான் பேசுவார்கள். முகத்தைப் பார்த்தால் போதும், யார் யாரை ஏமாற்றப் போகிறான் என்று தெரிந்துவிடும். நான் எழுதிய சீட்டு ஒன்று இன்னும் நினைவிருக்கிறது: "குதிரைகள் நிறைய. சாகிறவர்கள் பதினொன்று. ரத்தம் கொஞ்சம்தான். பாட்டு கிடையாது. வெள்ளைத் தாடிக்காரன் நல்லவன் மாதிரி இருப்பான், நம்ப வேண்டாம். கடைசிக் கால் மணி நேரம் அழவேண்டி வரும். குடும்பத்தோடு பார்க்கலாம்."

இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் பெண்கள் கடைக்குள் வர ஆரம்பித்தார்கள். "சீட்டுப் போட்ட கேசட்டா குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். நான் எழுதியதை அதற்கு முன் யாரும் படித்ததில்லை. மாடிப்படியில் நின்று, யாராவது என் சீட்டைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சிரித்தால் அன்றைக்கு எனக்கு இரண்டு தோசை கூட.

கடைக்கு முதல் போட்டவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஆள் நல்லவர், ஆனால் சிரித்துப் பார்த்ததில்லை. ஒரு தடவை "ஆட்டம் கிடையாது" என்று நான் எழுதிய படத்தில், சாராயக் கடையில் நாலு பெண்கள் வரிசையாக நின்று காலைத் தூக்கிவிட்டார்கள். கணுக்கால் வரை பாவாடை கட்டியிருந்தார்களே என்று நான் அதை ஆட்டக் கணக்கில் சேர்க்கவில்லை. பேகம்பூரிலிருந்து ஒரு பெரியவர் கேசட்டைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். மாமா மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னார்:

"இங்க பாரும்மா. இன்னும் ஒரே ஒரு வீட்லருந்து பிராது வரட்டும், இந்தச் சீட்டு எழுதுற சோலியே வேண்டாம். நிப்பாட்டிருவேன்."

அன்றிலிருந்து ஒரு நொடி கண்ணை எடுக்காமல் படம் பார்த்தேன். தும்மல் வந்தால்கூட நிறுத்திவிட்டுத் தும்முவேன்.

அப்படி இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை ஒட்டன்சத்திரம் பக்கம். ரொம்பக் கூச்சம், யாரிடமும் பேசுவதில்லை, கௌபாய் படம் என்றால் மட்டும் உயிர் என்று பெண் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். பெண்ணின் அம்மா கடைக்கே வந்து, "எல்லாரும் உக்காந்து பாக்குற மாதிரி நல்ல குதிரைப் படமா ஒண்ணு, சீட்டோட வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுசாக வந்த கேசட் ஒன்று இருந்தது. ஞாயிறு காலையில் அவசரமாக அதைப் பார்த்து, "குடும்பத்தோடு பார்க்கலாம்" என்று எழுதி, டி.வி., டெக்கோடு அனுப்பியாகிவிட்டது.

அனுப்பி அரை மணி நேரம் கழித்துத்தான் நடுவில் ஒரு இடத்தை நான் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. படத்தின் நடுவில் குக்கர் விசில் அடிக்காமல் நின்றுபோயிருந்தது. வெடித்துவிடுமோ என்று பயந்து அடுப்படிக்கு ஓடி, அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது திரையில் குதிரை லாயம் எரிந்துகொண்டிருந்தது. நான் போனபோது காயம்பட்ட கதாநாயகனை ஒரு விதவைப் பெண் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஏழு நிமிஷம். ரீவைண்ட் பண்ணலாம் என்றால், கீழே வண்டியை உறுமவிட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"கதவச் சாத்துனாளா? அப்ப சரிதான், போச்சு" என்றார், டெக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவர், விஷயத்தைக் கேட்டதும்.

"ஏங்க, நீங்க வேற!"

"ஒண்ணு செய்யி. டெக்கு சரியா ஓடுதான்னு பாக்க வந்தேன்னு சொல்லி அங்க போயி உக்காந்துக்க. அந்த எடம் வரும்போது அமுக்கி ஓட்டிவிட்ரு."

நான் போய்ச் சேர்ந்தபோது படம் பாதி ஓடியிருந்தது. மாப்பிள்ளை நாற்காலி நுனியில், மாமனார் அவருக்குப் பக்கத்தில், பெண்கள் எல்லாம் தரையில். துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் டெக் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதாநாயகன் குதிரையிலிருந்து விழுந்துவிட்டான். விதவை வாளியோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். என் விரல் பொத்தான் மேல் இருந்தது, ஆனால் எல்லார் கண்ணும் திரையில் இருக்கும்போது எப்படி அமுக்குவது? திடீரென்று எழுந்து பெண்ணின் அம்மாவின் காதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீட்டு எழுதியது நான்தான், இந்த இடத்தை நான் பார்க்கவில்லை, புகார் போனால் இனி எழுத விடமாட்டார்கள், எல்லாம்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டெக்கை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு எழுந்து நின்று, "மாப்ள, எந்திரிங்க, இலை போட்டாச்சு. கோழிக் குழம்பு ஆறிப்போகும். படம் எங்கயும் ஓடிறாது" என்றார்.

ஆண்கள் பின்கட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். நடுக்கதவைச் சாத்திவிட்டு அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "சத்தத்தக் கொறச்சுப் போடுத்தா. என்னதான் இருக்குன்னு நாமளே பாத்துருவோம்."

பெண்கள் ஆறேழு பேர் டி.வி.யை நெருங்கி உட்கார்ந்தார்கள். விதவை சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கஞ்சி மாதிரி எதையோ காய்ச்சிக் கரண்டியால் ஊட்டினாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது கரண்டிக்குப் பதிலாக முத்தம் வந்துவிட்டது. சின்ன முத்தம் இல்லை.

"அடியாத்தீ!" என்றார் பெண்ணின் சித்தி. "அவனுக்குக் காயம் தோள்லயா, வாயிலயா?"

"வைத்தியம் பாக்குறாக்கா" என்றாள் இன்னொருத்தி.

"நல்ல வைத்தியம்!"

புதுப்பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். சித்தி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஏத்தா, திருப்பிப் போடு. நான் சரியாப் பாக்கல. பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார். திருப்பிப் போட்டேன். பிறகு இன்னொருவரும் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. மூன்றாவது தடவை எனக்கும் சிரிப்பு அடக்கமுடியவில்லை. பின்கட்டிலிருந்து மாமனார், "அங்க என்ன சிரிப்பு?" என்று சத்தம் போட்டார்.

"ஒண்ணுமில்ல, டேப்பு சிக்கிருச்சு! எடுத்துக்கிட்ருக்கோம்!" என்றார் அந்த அம்மா. எங்கள் பக்கம் திரும்பி, "பொம்பளைக பாக்கலாம். ஆம்பளைகளுக்கு வேண்டாம். ஓட்டி விட்ரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

மாப்பிள்ளை கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். லாயம் எரிந்தது. கதாநாயகன் குதிரைமேல் பாய்ந்து ஏறினான். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக எல்லார் முன்னாலும் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்:

"ஏனுங்க, அடிபட்டுக் கெடந்தவன் அதுக்குள்ள எப்படிங்க எந்திரிச்சான்?"

"நல்ல கஞ்சியாக் குடுத்துருக்கா, மாப்ள" என்றார் மாமியார். பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடுப்படிக்கு ஓடிவிட்டார்கள்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் டெக்கைத் திருப்பிக் கொண்டுவந்த பெண்ணின் அப்பா மாமாவிடம், "படம் அருமை. நடுவுல டேப்புதான் சிக்கிருச்சாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டேப்பு சிக்கினால் மாமா விடுவாரா? புதுக் கேசட். நான் டீ கொண்டு இறங்கியபோது கடை டி.வி.யில் விதவை கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மாமா முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்து எங்கே கசங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் நின்று, போ, போ என்று எனக்குக் கை காட்டினார். என்னால் மேலேயும் போகமுடியவில்லை, கீழேயும் இறங்கமுடியவில்லை. டீ ஆடை கட்டியது.

முத்தம் வந்தது. மாமா அசையவில்லை. முடிந்ததும் ரீவைண்ட் பண்ணினார். டேப்பைச் சோதிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டார்:

"ஏம்மா, அங்க நிக்கிறியா?"

"ஆமா மாமா."

"டேப்பு நல்லாத்தான் இருக்கு."

"ஆமா மாமா."

கேசட்டை எடுத்து உறையில் போட்டார். "கடைசில அவன் இவளக் கட்டிக்கிட்டானா?"

எனக்கு முதலில் காதில் விழுந்ததை நம்பமுடியவில்லை. டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். லாயத்துக்குத் தீ வைத்தது யார், அவன் ஏன் கடைசியில் மனசு மாறினான், சூரியன் இறங்கும்போது கதாநாயகன் தொப்பியைத் தொட்டுவிட்டுத் தனியாகப் போனது, அவள் வாசலில் வாளியோடு நின்றது. மாமா டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"போயிட்டானா? அப்பறம் எதுக்கு அம்புட்டுக் கஞ்சி ஊத்துனா அவனுக்கு?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மேசைமேல் கிடந்த என் சீட்டை எடுத்துப் பார்த்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இதுல இதெல்லாம் ஒண்ணுமே இல்லையே. எழுதும்மா. கல்யாணம் பண்ணாமப் போயிருவான்னு மொதல்லயே எழுதிரு. பாக்குறவுக மனசத் தேத்திக்கிட்டுப் பாப்பாகல்ல?"

நான் படியில் உட்கார்ந்தபடியே, பழைய சீட்டைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். இடம் போதவில்லை. மாமா கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு முழு நோட்டை எடுத்துக் கொடுத்தார்.