இருமச் சொல்லும் நர்ஸ்

ஆரோக்கியம் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வயிற்றில் ஆபரேஷன் ஆன தறிக்காரர்களிடம் டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க சாமி" என்பார்கள். பெரிய மனுஷரிடம் வலியைச் சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. ஆரோக்கியத்துக்கு எரிச்சலாக வரும். அவள் வலியைப் பற்றிக் கேட்பதே இல்லை. "எங்க, ஒருதரம் இருமுங்க" என்பாள். தையல் வலியில் இரும முடியாதவருக்கு டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவாள்.

1962இல், ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களில், அவளுக்கே குடல்வால் ஆபரேஷன் நடந்தது. வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடுவதென்று தீர்மானித்து, டாக்டரிடம் வலியே இல்லை என்று சாதித்தாள். டாக்டர் நகர்ந்ததும், உடன் வேலை பார்க்கும் அன்னாள் கட்டிலருகே வந்தாள்.

"எங்க, ஒருதரம் இருமுங்கக்கா."

ஆரோக்கியம் அவளை முறைத்தாள். பிறகு ஊசிக்குக் கையை நீட்டினாள்.