மஞ்சள் அறைக்கு ஒரு திமிங்கிலம்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மாமியார் வந்து என் மனைவியைத் தூத்துக்குடிப் பக்கம் தங்கள் ஊருக்கு அழைத்துப்போய்விட்டார். திருப்பூரில், பல்லடம் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கேமரா இல்லாத செல்போனை எல்லோரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதைத் தைக்கிறவர்களிடம் சொல்லி, தைத்ததைக் கப்பலேற்றும்வரை கூடவே நிற்கிற வேலை. வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத்தான் தாங்க முடியாது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு மாடியேறினால், காலையில் கழற்றிப்போட்ட சட்டை போட்ட இடத்திலேயே கிடக்கும்.

அந்த சீசனில் என் பொறுப்பில் இருந்தது குழந்தை உடுப்பு ஆர்டர். அதற்கு வந்த கேட்டலாக்கில் ஒரு படம். குழந்தைக்கென்றே ஓர் அறை, வெள்ளைத் தொட்டில், அதன் மூலையில் நூலால் பின்னிய நீலத் திமிங்கிலம். படத்தில் ஆள் யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சின்ன ரூமைக் குழந்தைக்குன்னு ஆக்கிடலாமா?” என்று மனைவியிடம் போனில் கேட்டேன்.

“பிள்ளைக்கு எதுக்கு ரூமு? எம் பக்கத்துலதான படுக்கும்” என்று சிரித்தாள். “நீங்க நேரத்துக்குச் சாப்பிடுதீங்களா, அதச் சொல்லுங்க.”

அவள் சிரித்தாலும், அந்த மாதமே அறைக்கு வெளிர்மஞ்சள் அடித்துவிட்டேன். திமிங்கிலம்தான் பாக்கி.

சாம்பிள் செக்‌ஷனில் என் வயதுக்காரப் பெண் ஒருவர் இருந்தார். நாகர்கோவில் பக்கம். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் குரோஷா பின்னல் படித்தவர் என்று கேள்விப்பட்டு, படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“ரெண்டு நாளில போட்டுத் தாறேன் சார்” என்றார்.

“இல்லைங்க, நானே போடணும். சொல்லிக்கொடுத்தாப் போதும்.”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுநாள் நுனியில் கொக்கி வைத்த ஊசி ஒன்றைக் கொண்டுவந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் கட்டிங் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பனியன் நூல் தலைமுடி மாதிரி மெலிசு. எட்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால்தான் ஊசியில் நின்றது. கண்ணிகளை எண்ண மறந்துபோய், உருண்டையாக வரவேண்டியது தொப்பியாக விரிந்தது. மூன்று முறை அவர் அதைப் பிரித்துப்போட்டார். ஆண்கள் சிலர் கேலி செய்தார்கள். நாலைந்து நாளில் அதுவும் ஓய்ந்துவிட்டது.

ஒருநாள் அவரும் ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கணவர் வளைகுடாவில். நாலு வயது மகன் ஊரில் அம்மாவிடம் வளர்கிறான். “எனக்க மோனுக்கு நான் இப்படி ஒண்ணும் செஞ்சு குடுத்ததில்ல சார்” என்றார். ஆரஞ்சு நூலில் ஒரு மீன் பின்ன ஆரம்பித்தார். நான் திமிங்கிலத்தின் வயிற்றைத் தாண்டுவதற்குள் அவர் மீனுக்கு வால் வைத்துவிட்டார்.

எனக்கு மகள் பிறந்த செய்தி ஷிப்மென்ட் வாரத்தில் வந்தது. ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தது. அங்கே இருந்த நேரம் முழுக்க மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணைப் பார்க்காமலே பஸ் ஏறினேன்.

கிறிஸ்துமஸுக்கு மீனோடு ஊருக்குப் போன அந்தப் பெண் புத்தாண்டு கழிந்து திரும்பினார். மகனுக்குப் பிடித்ததா என்று கேட்டேன்.

“மீனு பிடிச்சுப்போச்சு சார். என்னையத்தான் பிடிக்கல்ல. ‘இந்த ஆன்டி எப்ப போவாங்க’ன்னு அம்மைட்ட கேக்கான்.”

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடி வைத்தார். மாதக் கடைசியில் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். மேஜை ஓரத்தில் நான் தனியாக உட்கார்ந்து வாலைப் பின்னி முடித்தேன்.

துவைத்துக் காயவைத்த பனியன் வேஸ்ட்டை உள்ளே அடைத்தேன். கண்ணுக்குப் பட்டன் வைக்க மனம் வரவில்லை. குழந்தை உடுப்பில் பட்டன் பிய்ந்து வருகிறதா என்று தினமும் இழுத்துப் பார்க்கிறவன் நான். கறுப்பு நூலாலேயே இரண்டு கண் தைத்தேன். உடைந்த ஊசி எதுவும் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற மிஷினில், பெட்டி பெட்டியாகப் போகும் உடுப்புகளுக்கு நடுவே திமிங்கிலத்தையும் விட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல் மறுபக்கம் வந்து விழுந்தது.

வீட்டுக்கார அம்மா படியில் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, கத்திரிக்காயாட்ட இருக்குதுங்க! பாப்பாவுக்குங்களா?” என்றார். “ஊட்ல ஆளுக வந்துட்டாத்தானுங்க உங்களுக்கும் நல்லாருக்கும்.” “ஆமாங்க” என்று மேலே போனேன். மஞ்சள் அறையில் ஆணியடித்து அதை மாட்டிவிட்டு, அங்கேயே தரையில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

மகள் ஐந்தாம் மாதத்தில் வந்தாள். நிலைப்படியில் வைத்தே வாங்கினேன். என் முகத்தைப் பார்த்ததும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டாள்.

மாமியார் வாங்கிக்கொண்டார். “புது மொகமுல்லா, அதான்” என்றார்.

அவர் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் அன்று முழுக்க அந்த வார்த்தை எனக்குள் கிடந்தது. திமிங்கிலத்தை ஆசையாகக் காட்டினேன். “எவ்வளவு பொறுமை உங்களுக்கு!” என்று மனைவி ஆச்சரியப்பட்டாள். வாயில் வைத்துவிடும், அழுக்காகிவிடும் என்று மாமியார் அதை பாலிதீன் கவரில் போட்டு டிவி மேல் உட்கார வைத்தார். மஞ்சள் அறையில் பெட்டிகளும் நனைந்த துணிகள் காயும் கொடியும் வந்தன. குழந்தை அம்மா பக்கத்தில்தான் படுத்தது.

வீடு நிறைந்திருந்தது. உள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டு நான் எட்டிப்பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அதனால் கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கப் பழகினேன். அந்தப் பெண்ணை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அவர் மகனாவது பழகியிருப்பான் என்று நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மாமியார் ஊருக்குப் போனார். அடுத்த ஞாயிறு, குளிக்கப் போகும்போது மனைவி குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். “அழுதா அழட்டும்” என்றாள். அழுதாள். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அறைக்கும் நடந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், அந்த வார டெலிவரி விவரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, என் கழுத்தில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனாள்.

மனைவி குளித்து, துவைத்து, துணி காயப்போட்டு வரும்வரை நான் உட்காரவில்லை.

“உக்கார வேண்டியதுதானே?” என்றாள்.

“முழிச்சா என்னைப் பாத்துருவா” என்றேன்.