காரணம் கேட்ட வாத்தியார்

பாறசாலை டுடோரியலில் எங்களுக்கு அமெரிக்க அரசியலமைப்பு நடத்திய வாத்தியார், எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். அமெரிக்காவில் காரணம் சொல்லாமல் போலீஸ் யாருடைய பையையும் தொடக்கூடாது என்பார்.

ஒருநாள் வாத்தியாரும் நாங்கள் எட்டு மாணவர்களும் வந்த பஸ்சைப் பனச்சமூட்டில் நிறுத்திய போலீஸ்காரன், ஒரு மீன்காரியின் துணிமூட்டையை அவிழ்த்து ரோட்டில் கொட்டினான்.

வாத்தியார் எழுந்தார். "எதுக்கு ஸாரே? அவகிட்ட காரணம் சொல்லணும்."

சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தான். பொத்தான் தெறித்தது.

மறுநாள் கழுத்தில் ஊக்கு குத்தி வகுப்புக்கு வந்தார்.

"சார், அது அமெரிக்கா சட்டமாக்கும். இங்க எதுக்குக் கேட்டிய?" என்றேன்.

"காரணம் கேக்கதுக்கு அமெரிக்காவுக்குப் போணுமா மக்கா? பஸ்சில நீங்க எட்டுபேரு உண்டும்லா. ஒருத்தனும் எந்திக்கல்லியே?"

பரீட்சையில், காரணம் சொல்லாமல் போலீஸ் பையைச் சோதிக்கலாமா என்ற கேள்வி வந்தது. பஸ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த நான் நாலு பக்கம் எழுதினேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.