ஒரு தடவை விதைத்தவனா?

குத்தகைப் பதிவு விசாரணைக்காகக் கும்பகோணத்தில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஓர் அரபி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட இளையவர். பேசும்போது மூன்று விரல்களால் தொடையைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

“நீங்க எதுக்குண்ணே வந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“நான் ஒரு போகம்தான் விதைச்சேன்னு நிலக்காரர் சொல்றார், பாய். பதிவேட்டுல என் பேர் ஏறலேன்னா நிலம் போயிடும்.”

“அரபில வேர் மூணு எழுத்துண்ணே. அதை ஊத்துற அச்சுதான் அர்த்தத்தைக் கொடுக்கும். ‘ஸர்ஆ’ன்னா ஒரு தடவை விதைக்கிறது. அதே எழுத்தைத் தொழிலுக்குன்னு இருக்கிற அச்சுல ஊத்துனா ‘ஸிராஆ’, வேளாண்மை.”

“எனக்குத் தமிழே தகராறு, பாய்.”

அவர் சிரித்தார். “உங்களுது எதுண்ணே?”

“ரெண்டாவதுதான்.”

“அப்ப விதைச்சதை மட்டும் சொல்லாதீங்க.”

உள்ளே போய், வாய்க்கால் வெட்டியது முதல் வரப்பில் எலி பிடித்தது வரை எல்லா வேலையையும் சொன்னேன். பெயர் ஏறியது.

அடுத்த வழக்கில் நிலக்காரராக எழுந்தவர் அந்த அரபி ஆசிரியர்தான்! எதிரே அவருடைய குத்தகைக்காரர் நின்றார்.

“இவர் ஒரு போகம் விதைச்சவரா, இதுதான் இவர் பொழப்பா?” என்று அதிகாரி கேட்டார். ஆசிரியருடைய மூன்று விரல்கள் தொடையைத் தட்டின.

கிடைத்தது கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் நான் நிற்காமல் வந்துவிட்டேன். ஆனால் அவர் ‘ரெண்டாவதுதான்’ என்று சொல்லியிருப்பார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.