கடற்கரையில் அறுபட்ட வலை

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாகப் பேனாவை எடுப்பேன், தயங்கி வைத்துவிடுவேன். இன்று ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளிகள். கோயில்களில் உழவாரப் பணி செய்யும் எங்கள் கூட்டம், ஒரு மாசி மகத்துக்கு மறுநாள் மகாபலிபுரம் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனது. நீராடியவர்கள் விட்டுப்போன துணி, மாலை, இலையெல்லாம் பொறுக்கினோம். தண்ணீர் ஓரம் ஒரு வலை சுருண்டு கிடந்தது. குப்பை என்று நினைத்து நானும் என் மனைவியும் இழுத்தோம். பெரிய அலை ஒன்று வந்து, வலையோடு அவளையும் சுருட்டி உள்ளே கொண்டுபோனது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். மார்பளவு தண்ணீர். அவள் கால்கள் இரண்டும் வலைக்குள்.

"பயமா இருக்குதுங்க, உட்டுடாதீங்க!"

"ஆடாம இரும்மா" என்று சொல்லிச் சிக்கு எடுக்க ஆரம்பித்தேன். இழை சிக்கினால் பிரிப்போமே தவிர அறுக்க மாட்டோம். தறியில் பழகிய கை அது. ஒரு கண்ணி விடுபடுவதற்குள் அடுத்த அலை அவள் தலைக்கு மேல் போனது.

மீனவர் ஒருவர் கத்தியோடு பாய்ந்து வந்தார். "இன்னாய்யா, பேன் பாத்துக்கினு கீற? தள்ளுய்யா!" என்று என்னைத் தள்ளிவிட்டு, வலையைச் சரசரவென்று அறுத்தார். அவளைத் தூக்கிவந்து மணலில் கிடத்தினோம். இருமினாள், மூச்சு வந்தது.

அப்போதுதான் வலையைப் பார்த்தேன். அந்த நாளில் புதிதாக வந்திருந்த, விலை கூடிய நைலான்; வலையும் புத்தம் புதிது.

"யாருதுங்க இது?"

"என்னுதுதான். பின்னிக்கலாம். நீ அந்தம்மாவ பாரு."

தறியில் ஏற்றிய பாவு நூலை முன்பின் தெரியாத ஒருத்திக்காக நான் அறுப்பேனா என்று இன்றும் யோசிக்கிறேன். சுவாமி அன்று யாராக வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். பழைய வலை என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.