ரெக்கார்டு போடாத டேக்

இது சத்தியமாக நடந்தது. யாருக்கு நடந்ததோ, அவன் இதைப் பற்றி லேசில் வாய் திறக்க மாட்டான். பாதியை அவன் மனைவி அவனிடமிருந்து பிடுங்கி எடுத்தாள். மீதியை ஒரு நாள் அவனே சுவரைப் பார்த்தபடி கொட்டித் தீர்த்தான். பயந்துபோய்த்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று நினைத்திருந்தோம். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெட்கம்தான் அதிகம்.

அவனைக் குமிழ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் எந்நேரமும் எதையாவது திருகிக்கொண்டே இருப்பதால் பாடுகிறவர்கள் கேலியாக வைத்த பெயர் இது. ஒட்டிக்கொண்டுவிட்டது. மாமனார்கூட 'குமிழ் மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார்.

அந்தக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்தது. இரண்டே அறை. ஒன்றில் கம்ப்யூட்டரும் குமிழும். மற்றது பாடுகிறவர் நிற்கும் சின்ன அறை. அதில் ஒரு மைக், சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். நடுவில் கனமான கண்ணாடி. ஜன்னல் என்பதே கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே விளக்கை அணைத்தால் கும்மிருட்டு.

அன்று வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்கு வேலையை ஆரம்பித்தான். எளிய வேலைதான். ஒரு பாட்டில், டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் பாடகி பாடியிருந்ததை அழித்துவிட்டு, வேறொரு பெண் பாடி அனுப்பியிருந்ததை அங்கே வைக்க வேண்டும். மாலைக்குள் பாட்டு இசையமைப்பாளர் கையில் இருக்க வேண்டும். முந்தின நாள்தான் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தான்.

திறந்தான். சுருதி திருத்துகிற மெனுவைக் காணவில்லை. புதுப் பதிப்பில் எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்று தேடினான். இல்லை. சரி, முதலில் டீச்சர் பாடிப் பதிவான டேக்குகளை அழிப்போம் என்று போனான். 'அழி' என்ற சொல் மங்கிக் கிடந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை. அதற்குக் கீழே, பெயரே இல்லாமல் ஒரு ட்ராக், ஒரு குரலின் பதிவு ஓடும் பட்டை, இருந்தது. அதை அவன் போடவில்லை. அதன்மேல் க்ளிக் செய்தான்.

சாஃப்ட்வேர் பட்டென்று மூடிக்கொண்டது.

இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை குமிழ். மற்ற கூடங்களில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிரும் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். செட்டிங்குகளை எல்லாம் துடைத்தான். சேர்த்து வைத்திருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். கடைசியில் புதுப் பதிப்பைத் தூக்கிவிட்டுப் பழையதையே ஏற்றினான். அப்போதும் மெனுவைக் காணவில்லை. அந்தப் பெயரில்லாத ட்ராக் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தது. தொட்டால் மூடிக்கொண்டது.

வெறுத்துப்போய், புத்தம் புதிதாக ஒரு வெற்றுப் பாட்டைத் திறந்தான். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அதிலும் அந்த ட்ராக் இருந்தது. முதலில் பார்த்ததைவிட நீளமாக...

இத்தனைக்கும் அவன் காலையிலிருந்து ஒரு முறைகூடக் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

டீச்சர் என்பவர் நிஜமாகவே கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாகக் கோரஸ் பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு குரல். குமிழ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரும் அவனை மதிக்காதபோது, 'சாப்பிட்டியா?' என்று கேட்ட ஒரே ஆள். போன வியாழக்கிழமைதான் அவருக்கு முதல் முதலாக முழுப் பாட்டு கிடைத்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். மேல் சுருதி வரும் இடத்தில் குரல் உடைந்தது. திரும்பத் திரும்ப உடைந்தது.

உள்ளே இருப்பவரோடு பேச மேஜையில் டாக்பேக் என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கிப் பேசினால் இங்கே பேசுவது அங்கே ஹெட்போனில் கேட்கும். அழுத்தி அமுக்கினால் அப்படியே சிக்கிக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எந்த ஒலிப்பதிவாளரும் பேசி முடித்ததும் அந்த விளக்கைத்தான் முதலில் பார்ப்பான். அன்று குமிழ் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் பக்கம் திரும்பிப் பேசினான்.

"இந்தம்மா குரல் போயிருச்சுண்ணே. ஏதோ பாவம்னு கூப்பிட்டோம். கடைசியா ஒரு தடவை பாடட்டும், சந்தோஷமா போவாங்க. நான் ரெக்கார்டு போடல. அப்புறமா வேற ஆளை வச்சுப் பாத்துக்கலாம்."

இசையமைப்பாளர் சிரித்தார். குமிழும் சிரித்தான்.

உள்ளே டீச்சர் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு டேக் போகலாமா குமிழு?" என்றார். முழுப் பாட்டையும் பாடினார். குமிழ் அப்போது போனை நோண்டிக்கொண்டிருந்தான், காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. முடிந்ததும் "நல்லா இருந்துச்சு டீச்சர், போதும்" என்றான். சொல்லும்போதுதான் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது.

டீச்சர் வெளியே வந்து, "வரேன்பா" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஒரு வாரத்தில் மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தான். எடுத்த வேகத்திலேயே வைத்தான். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வேறு வழியில்லாமல் சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கிறவன் தானே போய் வரிசையில் நிற்பதே ஒரு அவமானம். இளம் பெண் ஒருத்தி பேசினாள். அங்கிருந்தபடியே இவன் திரையைத் திறந்து பார்த்தாள்.

"சார், மெனு எதுவும் காணாமப் போகல. அந்த ட்ராக் இப்ப ரெக்கார்டு ஆகிட்டு இருக்கு. ரெக்கார்டு ஆகும்போது அழிக்க முடியாது, திருத்தவும் முடியாது. அதான் மறைஞ்சிருக்கு."

"நான் ரெக்கார்டே போடலையேம்மா."

"ஓடிட்டு இருக்கு சார். உள்ள மைக் ஆன்ல இருக்கு."

மைக்கின் ஒயரைக் காலையிலேயே கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து அவன் கழற்றி வைத்திருந்தான்.

"சார்... ஒரு நிமிஷம்."

"சொல்லும்மா."

"பாடுறவங்கள கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சார். நீங்க பேசறது சரியா கேக்கல."

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. ஏசி ஓடும் சத்தம் மட்டும்... உர்ர்...

"இங்க யாரும் பாடலையே."

"பாடறாங்களே சார்... நல்லாதான் பாடறாங்க."

லைன் கட்டாகிவிட்டது.

மணி 1.10. மெல்ல, கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

உள்ளே யாரும் இல்லை.

கொக்கியில் ஹெட்போனும் இல்லை.

திரையில் அந்த ட்ராக் நீண்டுகொண்டே போனது. நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். நிற்கவில்லை. இன்னொரு தடவை. நிற்கவில்லை.

டாக்பேக்கை அமுக்கினான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. பழகிய வாய்.

"நல்லா இருந்துச்சு டீச்சர்... போதும்."

டக்.

ட்ராக் நின்றது.

காணாமல் போன மெனு வந்தது. 'அழி' பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கொக்கியில் ஹெட்போன் தொங்கியது. அதன் ஒயர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ட்ராக்கை ஓட விட்டான்.

முதலில் யாரோ மூச்சு விடும் சத்தம். அதற்குள்ளே, ஹெட்போனிலிருந்து கசிந்து, சன்னமாக ஒரு ஆண் குரல்... 'இந்தம்மா குரல் போயிருச்சுண்ணே...' அவனுடைய குரல். பிறகு இரண்டு பேர் சிரிப்பது. மூச்சு ஒரு நொடி நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு பாட்டு. மேல் சுருதி வரும் இடத்தில் குரல் உடையவில்லை. அப்படி ஒரு டேக்கை அந்தக் கூடத்தில் அவன் கேட்டதில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு அழுதான்.

அழுது முடித்ததும் டீச்சரின் எண்ணைப் போட்டான். இந்தத் தடவை போனை வைக்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் எடுத்தார்.

"டீச்சர் இருக்காங்களா சார்? நான் குமிழ்."

"உங்க நம்பரைத்தான் தேடிட்டு இருந்தேன் தம்பி. போன வியாழக்கிழமை பாடிட்டு வந்தா. சாப்பிட்டா, படுத்தா. காலைல எழுந்திருக்கல."

குமிழ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தான்.

"கடைசி டேக் ரொம்ப நல்லா வந்துச்சுன்னு சொன்னீங்களாமே? வந்ததுலேருந்து அதே பேச்சுதான். குமிழு பத்திரமா வச்சிருப்பான், வாங்கிக்கோங்கன்னா. அவ முழுசா பாடுன பாட்டு அது ஒண்ணுதான் தம்பி. அனுப்ப முடியுமா?"

"அனுப்புறேன் சார்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மென்று விழுங்கினான். ட்ராக்கைத் திறந்தான். மூச்சு, தன் குரல், சிரிப்பு எல்லாவற்றையும் வெட்டினான். பாட்டின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மட்டும் எடுத்து அனுப்பினான். ஒருவித நிம்மதிகூட வந்தது. அதைச் சொல்லும்போதுதான் அவன் சுவர்ப் பக்கம் முழுசாகத் திரும்பிக்கொண்டான்.

மாலை ஆறரைக்கு அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

"கேட்டோம் தம்பி. பிள்ளைங்க, மருமக, பேரப் பசங்க எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டோம்."

"ரொம்ப நல்லா பாடியிருக்காங்க சார்."

"ஆமா. முன்னாடி இருக்கிற பேச்சையும் கேட்டோம்."

"எ... எந்தப் பேச்சு சார்?"

"பாவம்னு கூப்பிட்டோம்னு ஒருத்தர் சொல்றாரே. அது உங்க குரல்தானே?"

குமிழ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அவ என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா தம்பி. நீங்க பாராட்டுனீங்கன்னு." போனை வைத்துவிட்டார்.

அவசர அவசரமாக, அனுப்பிய பாட்டைத் திறந்து பார்த்தான். பாட்டின் முதல் எழுத்தில் ஆரம்பித்தது. முன்னால் எதுவும் இல்லை. வெட்டாமல் வைத்திருந்த ட்ராக்கைத் திறந்தான். அதிலும் பாட்டு மட்டும்தான் இருந்தது. மூச்சு இல்லை, பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை.

அவனுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அதை அவனே சொன்னான். அழுதுகொண்டே சொன்னான்.

"என்கிட்ட இருக்கிறதுல அது இல்லையே..." என்று வாய்விட்டு முணுமுணுத்தானாம். "நான் சொல்லவே இல்லைனு சொல்லிடலாம்."

சொல்லிவிட்டுத்தான் மேஜையைப் பார்த்தான்.

டாக்பேக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.